30 கோடி டன்னும் 20 கிலோவும்

இந்திய எஃகுத் தொழிலின் எதிர்காலம் பற்றிய பேச்சு எந்த மேடையில் நடந்தாலும் மூன்று எண்களில்தான் தொடங்குகிறது. சீனாவில் ஓராண்டில் ஆளுக்கு 600 கிலோ எஃகு செலவாகிறது. உலகச் சராசரி 215 கிலோவை ஒட்டி இருக்கிறது. நாம் இப்போதுதான் 100 கிலோவைத் தொட்டிருக்கிறோம். ஆகவே நமக்கு முன்னே மாபெரும் வளர்ச்சி காத்திருக்கிறது. ஆகவே 2030-31க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் எஃகு உருக்கும் திறனை நாடு எட்டியாக வேண்டும். ஆகவே நிலம் வேண்டும், சுரங்கம் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், இறக்குமதிக்குத் தடுப்பு வரி வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை இந்தத் தடத்தில்தான் நடக்கிறது. அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் பங்குச்சந்தை ஆலோசகர்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மறுத்துப் பேசுபவரை வளர்ச்சிக்கு எதிரி என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருக்கிறது.

அந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்களுக்கும் உலைகளுக்கும் நடுவே போடப்படும் அந்த ‘ஆகவே’யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டில் எஃகு குறைவாகப் புழங்குவதற்குக் காரணம் உலை குறைவு என்று அந்தச் சொல் சாதிக்கிறது. அது உண்மை இல்லை. இந்தப் பொய்க்கு நாம் ஏற்கெனவே ஒரு முறை பெரிய விலை கொடுத்துவிட்டோம்.

சராசரியிலிருந்தே தொடங்குகிறேன். தலைக்கு 100 கிலோ என்பது நகரத்தின் மேம்பாலத்தையும் மெட்ரோ தூணையும் கார்த் தொழிற்சாலையையும் கிராமத்துக் கூரையோடு கூட்டி வகுத்துக் கிடைத்த கணக்கு. கிராமப்புறத்தை மட்டும் தனியே எடுத்தால் தலைக்கு ஏறத்தாழ 20 கிலோதான் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 20 கிலோ என்றால் என்ன? ஒரு குடும்பத்துக்கு ஒரு சைக்கிள், இரண்டு தகரம், ஒரு இரும்புக் கதவு, மண்வெட்டி, கடப்பாரை. ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்ற நினைக்கும் ஒரு கூலிக்காரர் கம்பிக் கடைக்குப் போய் எட்டு எம்.எம்., பத்து எம்.எம். கம்பியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். கடையில் கம்பி இருக்கிறது. அவர் கையில்தான் காசு இல்லை. ஒடிசாவில் இன்னொரு ஊது உலை எழும்பிவிட்டால் அந்தக் காசு அவர் மடிக்கு வந்துவிடுமா?

எஃகுப் புழக்கம் குறைவாக இருப்பது வருமானக் குறைவின் அடையாளம். தொழிற்சாலை கட்டுவது, வீடு கட்டுவது, இயந்திரம் வாங்குவது ஆகியவற்றில் ஒரு நாடு எவ்வளவு போடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் எஃகு ஓடும். சீனா இருபது ஆண்டுகளாகத் தன் உற்பத்தி மதிப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் முதலீட்டில் கொட்டியது. அதனால்தான் 2000-இல் 13 கோடி டன்னுக்கும் குறைவாக இருந்த அதன் எஃகு உற்பத்தி 2020-இல் 106 கோடி டன் ஆனது. அதில் பெரிய பங்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் போனது. வாங்க ஆள் இல்லாமல் நிற்கும் கட்டடங்களும் அதில் அடக்கம். வீட்டுச் சந்தை உடைந்ததும் மிஞ்சிய எஃகைச் சீனா கப்பலில் ஏற்றியது. 2024-இல் மட்டும் 11 கோடி டன் அளவுக்கு. நாம் எட்ட நினைக்கும் அந்த 600 கிலோவின் மிச்சம்தான் உலகச் சந்தையில் விலையை உடைத்து, நம் ஆலைக்காரர்களைக் காப்பு வரி கேட்டு டெல்லிக்கு ஓடவைத்தது. 2025 ஏப்ரலில் 12 விழுக்காடு வரியும் வந்தது. எந்த நாட்டின் புழக்கத்தை நாம் இலக்காகக் காட்டுகிறோமோ அதே நாட்டின் உபரியைக் கண்டு அஞ்சுகிறோம். இந்த இரண்டையும் ஒரே மேடையில் பேசுபவர்களுக்கு இதில் முரண் தெரியாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சீனாவை விட்டுவிட்டு பிரேசிலைப் பாருங்கள். உலகின் மிகச் சிறந்த இரும்புத் தாது அங்கே கராஜாஸ் மலைகளில் கிடக்கிறது. பெரிய ஆலைகள் உண்டு, துறைமுகங்கள் உண்டு. 1980 வாக்கிலேயே அங்கே தலைக்கு 100 கிலோ அளவுக்கு எஃகு புழங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த நாடு ஏறக்குறைய அதே இடத்தைச் சுற்றித்தான் வருகிறது. 1980-இல் யாராவது பிரேசிலுக்கும் ஜப்பானுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டி இவ்வளவு உலை கட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் அவை துருப்பிடித்திருக்கும். 100 கிலோ என்பது ஏணியின் நடுப்படி என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிரேசிலுக்கு அது கடைசிப் படியாகவே நின்றுவிட்டது.

நம் எஃகுத் தொழில் வளரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2014-15இல் 8.9 கோடி டன்னாக இருந்த கச்சா எஃகு உற்பத்தி 2024-25இல் 15.2 கோடி டன் ஆகியிருக்கிறது. 2018-இல் ஜப்பானைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தோம். பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஐந்தரை விழுக்காடு என்பது மதிக்கத்தக்க வளர்ச்சி. ஆனால் கொள்கை சொல்லும் 25.5 கோடி டன் உற்பத்தியை 2030-31இல் எட்ட வேண்டுமானால் இனி ஆண்டுதோறும் 9 விழுக்காடு வளர வேண்டும். அந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வரும் என்று கேட்டால், கடந்த சில ஆண்டுகளாகப் புழக்கம் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியதைக் காட்டுகிறார்கள். ஏறியது உண்மைதான். ஏற்றியது யார்? 2020-21இல் நாலேகால் லட்சம் கோடி ரூபாயாக இருந்த மத்திய அரசின் மூலதனச் செலவு 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் 11.11 லட்சம் கோடியாகக் காட்டப்பட்டது. தண்டவாளம், நெடுஞ்சாலை, பாலம், மெட்ரோ. எஃகு அங்கே போனது. நாலு ஆண்டில் இரண்டரை மடங்கு ஆன ஒரு செலவு அடுத்த நாலு ஆண்டில் இன்னொரு இரண்டரை மடங்கு ஆகும் என்று எந்த நிதியமைச்சரும் கையெழுத்திட்டுத் தரமாட்டார். இதற்கிடையில், இருக்கிற 20 கோடி டன் திறனிலேயே கால் பங்கு ஓடாமல் கிடக்கிறது.

இந்த 30 கோடி டன் என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2005-இன் கொள்கை 2019-20க்குள் 11 கோடி டன் உற்பத்தி என்றது. அதை நாடு ஏறத்தாழ எட்டியது. நிதானமான இலக்கு, நிறைவேறியது. அதற்குப் பிறகு 2025-க்குள் 30 கோடி டன் திறன் என்று அமைச்சகமே பேசத் தொடங்கியது. 2017-இல் அதே எண் 2030-31க்குத் தள்ளி வைக்கப்பட்டது. இப்போது 2047-க்கு 50 கோடி டன் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. தேவையை அளந்து பார்த்துப் போட்ட இலக்காக இருந்திருந்தால் ஆண்டு நகரும்போது எண்ணும் கொஞ்சமாவது மாறியிருக்கும்.

நாம் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

2005 வாக்கில் தலைக்கு நாற்பது கிலோகூட இல்லை. அன்றும் இதே ஒப்பீடுதான், இதே ‘ஆகவே’தான். ஒடிசாவும் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பந்தம் எழுதின. 2005 ஜூனில் தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனம் ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் 12 மில்லியன் டன் ஆலைக்குக் கையெழுத்திட்டது. நாட்டுக்கு வந்த மிகப் பெரிய அந்நிய முதலீடு என்று கொண்டாடப்பட்டது. அந்த நிலத்தில் இருந்தவை வெற்றிலைக் கொடிக்கால்கள். திங்கியா, கோவிந்தபூர் என்ற ஊர்களின் மக்கள் அந்தக் கொடிக்கால்களில் பிழைத்தவர்கள். வேறு தொழில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மூங்கில் தடுப்பு கட்டி ஆண்டுக்கணக்கில் மறித்து நின்றார்கள். அதே மாநிலத்தில் கலிங்கநகரில் 2006 ஜனவரி 2 அன்று உருக்காலைக்கான மதிற்சுவர் எழுப்பும் இடத்தில் போலீஸ் சுட்டதில் பதின்மூன்று ஆதிவாசிகள் இறந்தார்கள். 2013-இல் ஆர்செலார் மிட்டல் தன் ஒடிசாத் திட்டத்தைக் கைவிட்டது. 2017-இல் போஸ்கோவும் போய்விட்டது. பறித்த நிலம் ஊராருக்குத் திரும்பவில்லை. அது அரசின் நில வங்கிக்குள் போய், பிறகு வேறொரு எஃகு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரியில் திங்கியாவில் மறுபடியும் கொடிக்கால்கள் இடிக்கப்பட்டன, மறுபடியும் தடியடி. ஒரே மண்ணில் ஒரே மக்கள் இரண்டு முறை பிடுங்கப்பட்டார்கள். முதல் முறை பிடுங்கியதில் ஒரு கிலோ எஃகுகூட விளையவில்லை.

நிலத்தில் நடந்ததுதான் வங்கியிலும் நடந்தது. அந்த ஆண்டுகளில் ஆலை கட்டக் கொடுத்த கடன்கள் அழுகின. 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு அனுப்பிய பன்னிரண்டு பெரிய கடனாளிகளில் ஐந்து எஃகு நிறுவனங்கள்: எஸ்ஸார், பூஷண் ஸ்டீல், பூஷண் பவர், மோனெட், எலக்ட்ரோஸ்டீல். பூஷண் ஸ்டீலின் 56,000 கோடி ரூபாய்க் கடனுக்கு வங்கிகளின் கைக்கு வந்தது 35,200 கோடி. எலக்ட்ரோஸ்டீலில் 13,000 கோடிக்கு 5,320 கோடி. மிச்சத்தை அரசு வங்கிகள் விழுங்கின. பிறகு வங்கிகளுக்கு அரசு மூலதனம் போட்டது. அது நாம் கட்டிய வரி.

அவை முதலாளிகளின் தவறு, சீனா விலையைச் சரித்தது என்று சமாதானம் சொல்வார்கள். தனிமனிதத் தவறுகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நிறுவனங்களும் ஒரே கணக்கைக் காட்டித்தான் கடன் வாங்கின. வங்கிகளும் அந்தக் கணக்கை நம்பித்தான் கொடுத்தன. அந்தக் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம்.

தாது நம்மிடம் ஏராளம் என்பார்கள். உண்மை. ஆனால் தாது மட்டும் போட்டால் ஊது உலை எரியாது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ முக்கால் டன் கோக்கிங் நிலக்கரி வேண்டும். ஜாரியாவில் நமக்கு அது இருக்கிறது. சாம்பல் மிகுந்த நிலக்கரி, பல இடங்களில் ஒரு நூற்றாண்டாக அடியில் தீ எரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து, வாங்குகிறோம். தேவையில் 85 விழுக்காடு இறக்குமதி. அதை 65 ஆகக் குறைப்போம் என்கிறது 2017-இன் கொள்கை. அதே கொள்கை புதிய திறனில் பெரும்பங்கை ஊது உலை வழியாகவே வைத்திருக்கிறது. கூட்டப்போகும் பத்துக் கோடி டன்னில் மூன்றில் இரண்டு பங்கு அப்படி வந்தால், இன்னும் ஐந்து கோடி டன் நிலக்கரி வேண்டும். இறக்குமதி ஏறக்குறைய இரட்டிக்கும். 2022 மார்ச்சில் உலகச் சந்தையில் இந்த நிலக்கரி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? எஃகு விலை எகிறியது; மே மாதம் அரசு ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி போட்டது; ஆறு மாதத்தில் விலை சரிந்ததும் வரியை எடுத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மழை கொட்டினால் ராய்ப்பூரில் கம்பி விலை ஏறும் தொழிலைத் தன்னிறைவு என்று அழைப்பது எனக்குப் புரியவில்லை.

தாதுவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. விசாகப்பட்டினத்தைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ‘விசாகா உக்கு, ஆந்திருல ஹக்கு’ (விசாக உருக்கு ஆந்திரரின் உரிமை) என்று முழங்கி 1966-இல் முப்பத்திரண்டு பேர் உயிர்விட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் 1967 ஜூலையில் சேலம் உருக்காலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். உருக்காலை ஒரு மக்களின் மானம் என்று நினைத்த காலம் அது. அந்த உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன், சேலத்துக் கஞ்சமலையின் தாதுவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நானும். ஆனால் விசாகப்பட்டினம் ஆலைக்குச் சொந்தமாக ஓர் இரும்புச் சுரங்கம் கடைசிவரை தரப்படவில்லை. சுரங்கம் வைத்திருந்த ஆலைகள் அடக்க விலைக்குத் தாது எடுத்தபோது அது சந்தை விலைக்கு வாங்கியது. நட்டம் குவிந்தது. 2021 ஜனவரியில் அதை முழுவதுமாக விற்பதென்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது; தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள்; 2025 ஜனவரியில் அதே அரசு 11,440 கோடி ரூபாய் மீட்புத் தொகை அறிவித்தது. இருக்கிற 73 லட்சம் டன் ஆலைக்குத் தாது கொடுக்க மனம் இல்லாத ஓர் அரசு, இல்லாத பத்துக் கோடி டன்னைப் பற்றிக் கனவு விற்கிறது.

இனி புகை. நம் எஃகில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகச் சராசரி இரண்டுக்கும் சற்றுக் குறைவு. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் இதற்குக் கணக்குக் கேட்கிறது. இன்று கட்டும் ஊது உலை உள்பூச்சு மாற்றி மாற்றி நாற்பது ஆண்டுகள் எரியும். 2070-இல் நிகரக் கரி வெளியேற்றத்தைச் சுழியாக்குவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாடு அதுவரை எரியப்போகும் உலைகளை இப்போது அவசரமாக ஏன் மூட்ட வேண்டும்? சிறிய உலைகள் தூய்மையானவை என்று நான் சொல்லவில்லை. ராய்ப்பூர், ராய்கர் பக்கம் நிலக்கரி கொண்டு ஸ்பாஞ்ச் இரும்பு சுடும் சூளைகளின் கரி படிந்த ஊர்களைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் நாட்டின் எஃகில் பாதிக்கு மேல் இன்றும் மின்சார உலைகளில்தான் உருகுகிறது. கும்மிடிப்பூண்டியிலும் மண்டி கோவிந்த்கரிலும் ஓடும் அந்த உலைகளுக்குப் பழைய இரும்பு கூடுதலாகக் கிடைத்தால் நிலக்கரியும் மிச்சம், புகையும் மிச்சம். தெருவுக்குத் தெரு இருக்கும் காயலான் கடைக்காரரை இந்தத் தொழிலின் முதல் கண்ணியாக மதித்து, தரம் பிரிக்கும் கூடமும் கடனும் கொடுத்தால் என்ன? 2019-இல் பழைய இரும்புக்கு ஒரு கொள்கை வெளியானது. அதை நம்பி யாரும் மேடை போடவில்லை. அதில் அடிக்கல் நாட்ட ஒன்றும் இல்லையே.

என் மைத்துனர் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறார். நாலு லேத், ஒரு பிரஸ், ஆறு ஆட்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் பாகங்கள் செய்து கொடுக்கிறார். 2020 நடுவில் டன் 40,000 ரூபாய்க்கும் கீழே இருந்த தகடு 2022 ஏப்ரலில் 75,000 ரூபாயைத் தொட்டது. அந்த நாட்களில் ஒருநாள் அவர் சொன்னார்: “ஆர்டர் எடுக்கவே பயமா இருக்குதுங்க மச்சான். வெல சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, தகடு வாங்கப் போறதுக்குள்ள ஏறிக் கெடக்குது.” அவருக்கு வேலை கொடுத்த பெரிய நிறுவனம் பழைய விலையிலேயே சரக்கு கேட்டது, தகடு விற்ற கடை புதிய விலை கேட்டது. நடுவில் ஆறு பேரில் இரண்டு பேரை நிறுத்தினார். கோவையின் குறுந்தொழில்காரர்கள் மூலப்பொருள் விலையைக் கண்டித்துப் பட்டறைகளை அடைத்துப் போராடிய காலம் அது. காப்பு வரியைப் பற்றிப் பேசும்போது இந்த மனிதர்கள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. உள்நாட்டு ஆலைகள் தங்கள் விலையை இறக்குமதி விலையை ஒட்டித்தான் வைக்கின்றன. வரி ஏறினால் உள்ளூர்த் தகட்டின் விலையும் ஏற இடம் கிடைக்கிறது. எஃகை உருக்குபவர்களைவிட எஃகை வெட்டி, வளைத்து, கடைந்து பிழைப்பவர்கள் பல மடங்கு அதிகம். அவர்கள் செய்யும் பம்பும் சைக்கிளும் டிராக்டர் பாகமும் விற்றால்தான் எஃகு விற்கும். அவர்களை நசுக்கிவிட்டு உலையை வளர்ப்பது வாடிக்கையாளரை விரட்டிவிட்டுக் கடையை அகலப்படுத்துவது.

தகட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. மின்மாற்றியின் உள்ளே அடுக்கும் தகட்டை, சி.ஆர்.ஜி.ஓ. என்பார்கள், நாம் இன்றும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஊருக்கு ஊர் மின்மாற்றி வேண்டிய நாடு, சூரிய மின்சாரத்தை இவ்வளவு வேகமாகப் பெருக்கும் நாடு, அந்தத் தகட்டுக்குக் கையேந்தி நிற்கிறது. 2021-இல் சிறப்பு வகை எஃகுக்கென 6,322 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அது நல்ல அடி. அந்தத் திசையில் ஒரு லட்சம் டன் கூடினாலும் நாட்டுக்கு வலு. ஆனால் 30 கோடி என்ற எண்ணின் முன்னால் ஒரு லட்சம் டன் யார் காதிலும் விழுவதில்லை. டன்னில் மட்டும் அளக்கும் தொழில், கம்பியையும் மின்மாற்றித் தகட்டையும் ஒரே எடையில் போடுகிறது.

கிராமத்தின் அந்த 20 கிலோவுக்கும் அரசிடம் ஓர் இலக்கு இருக்கிறது: 2030-31க்குள் 38 கிலோ. அதை எந்த அமைச்சரும் மேடையில் முழங்கி நான் கேட்டதில்லை. அந்த 38-ஐ எட்ட உலை தேவையில்லை. கூலி உயர வேண்டும், வீட்டுத் திட்டத்தின் தொகை கம்பி விலையோடு சேர்ந்து ஏற வேண்டும், தானியக் கிடங்கும் பள்ளிக் கட்டடமும் கால்வாய் மதகும் ஊருக்குள் வர வேண்டும். கிராமத்தில் சுமார் 90 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்குப் பதினெட்டு கிலோ கூடினால் ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் தேவை பிறக்கும். ஓடாமல் கிடக்கும் உலைகளே அதற்குப் போதும். அடுத்த எஃகுக் கொள்கையை எழுத உட்காருபவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: முதல் பக்கத்தில் 38 கிலோவை எழுதுங்கள், ஆண்டுதோறும் எத்தனை கிலோ ஏறியது என்று நாடாளுமன்றத்தில் சொல்லுங்கள். உலைகளின் கணக்கை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். திங்கியாவில் அடுத்த கொடிக்காலை இடிப்பதற்கு முன்னால்.